குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடரும் ஆய்வுகளின் தரவு: இங்கிருந்தபடியே பெற்றுப் பயன்படுத்த ஒரு வழிகாட்டி

கைக்குழந்தைப் பருவத்து வறுமை பதினேழு வயதில் எப்படி வெளிப்படுகிறது? தாயின் மனச்சோர்வு குழந்தையின் பள்ளிப் படிப்பைத் தொடுகிறதா? பொது சுகாதாரம், சமூகவியல், பொருளாதாரம், கல்வியியல் என எந்தத் துறையில் ஆய்வேடு எழுதுபவரும் ஒருநாள் இப்படியொரு கேள்விமுன் வந்து நிற்பார். ஒருமுறை வீடு வீடாகப் போய் விவரம் எழுதி வந்தால் இதற்கு விடை கிடைக்காது. அதே குழந்தையையும் அதே குடும்பத்தையும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்திருக்க வேண்டும். தனியொரு மாணவரால் ஆகிற வேலை இல்லை அது.

ஆனால் அந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் தாங்கள் திரட்டியதை மற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள். பிரிட்டனின் மில்லெனியம் கோஹார்ட் ஸ்டடி, 2000 செப்டம்பர் முதல் 2002 ஜனவரி வரை பிறந்த 18,818 குழந்தைகளுடன் தொடங்கியது. அவர்களை 9 மாதத்திலும், 3, 5, 7, 11, 14, 17 வயதுகளிலும், அண்மையில் 23 வயதிலும் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறது. 17 வயது வரையிலான தரவின் பெரும்பகுதியை, பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட வடிவில், மதுரையிலோ திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மாணவர் கட்டணமில்லாமல் வாங்கலாம்.

நான் இதில் இறங்கியபோது எங்கள் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ஆங்கிலத்தில் விளக்கப் பக்கங்கள் ஏராளம். எல்லாமே பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வெளியே இருப்பவர் எங்கே இடறுவார், எதை முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் கிடைக்கவில்லை. அடுத்து வருபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த ஆய்வு உங்களுக்குத் தோது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்காக ஓர் ஆய்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேள்வி, கட்டணம், காலம் மூன்றையும் பாருங்கள்.

மில்லெனியம் ஆய்வு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் உள்ள சென்டர் ஃபார் லாஞ்சிட்யூடினல் ஸ்டடீஸ் என்ற மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1958, 1970 ஆண்டுகளில் பிறந்தவர்களைத் தொடரும் பழைய ஆய்வுகளும் அதே மையத்தில்தான் உள்ளன. தரவை வழங்குவது யூகே டேட்டா சர்வீஸ். முதல்முறை இறங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இந்தக் கதவைத்தான். கட்டணம் இல்லை, நடைமுறை எழுத்தில் தெளிவாக இருக்கிறது, விளக்கக் கையேடுகளும் நன்றாக இருக்கின்றன.

இந்தியக் குழந்தைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றால் யங் லைவ்ஸ் ஆய்வைப் பாருங்கள். அதுவும் இதே கதவு வழியாகவே கிடைக்கிறது. எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 12,000 குழந்தைகளைப் பின்தொடரும் ஆய்வு அது. இந்தியப் பகுதி முழுவதும் ஆந்திரப் பிரதேசம், தெலங்கானாவில் நடப்பது. ஸ்ரீகாகுளம், அனந்தபூர், கடப்பா, மகபூப்நகர் போன்ற மாவட்டங்கள் அதில் உண்டு, தமிழ்நாடு இல்லை. இன்னொன்றையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அதன் இளைய பிரிவுக் குழந்தைகள் 2002-ல் முதன்முதலாகச் சந்திக்கப்பட்டபோது அவர்களுக்கு 6 முதல் 18 மாதம் வரை ஆகியிருந்தது. கருவுற்ற காலமும் பிறந்த நேரமும் பற்றிய விவரம் தாய் பிறகு நினைவிலிருந்து சொன்னதுதான். மேலும், ஏழைக் குடும்பங்கள் அதிகம் வரும்படி இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே அதன் சராசரியை மாநிலத்தின் சராசரி என்று எழுதக் கூடாது.

பிரிஸ்டல் நகரைச் சுற்றி 1991–92 காலத்தில் 14,541 கர்ப்பங்களுடன் தொடங்கிய ஆல்ஸ்பாக் ஆய்வு, கருவில் இருந்தபோதே தொடங்கியது என்பதால் மிகச் செறிவானது. ஆனால் அங்கே ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கட்டணமும் உண்டு. நிதியுதவி இல்லாத முதுகலை மாணவர் இதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முனைவர் பட்டத்துக்கு, நல்கைத் தொகை கையில் இருந்தால், யோசிக்கலாம்.

நம் ஊரிலேயே வேலூர் இருக்கிறது. 1969–73 காலத்தில் வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களை அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். டெல்லி, புனே, மைசூரிலும் இத்தகைய ஆய்வுகள் உண்டு. இவற்றில் பொதுவான வழி, ஆய்வாளர்களுக்கு நேரடியாக எழுதி அவர்களோடு சேர்ந்து வேலை செய்வதுதான். உங்கள் நெறியாளருக்கு அங்கே அறிமுகம் இருந்தால் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. இல்லையென்றால் ஆய்வேட்டுக் கெடுவை இதை நம்பி வைக்காதீர்கள்.

இனி வருவதெல்லாம் மில்லெனியம் ஆய்வை முன்வைத்து எழுதியது. யங் லைவ்ஸுக்கும் 3, 4 படிகள் அப்படியே பொருந்தும்.

2. தரவைத் தொடுவதற்கு முன் வினாத்தாளைப் படியுங்கள்

வினாத்தாள்கள், பயனர் கையேடுகள், மாறிகளின் (கோப்பில் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள பத்தி) பட்டியல் ஆகியவற்றைப் படிக்கக் கணக்கோ கடவுச்சொல்லோ தேவையில்லை. இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம். பலர் இதைத் தாண்டிக்கொண்டு தரவுக்கு விண்ணப்பித்துவிட்டு, கோப்பைத் திறந்த பிறகு தங்களுக்கு வேண்டிய கேள்வி அந்த வயதில் கேட்கப்படவே இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள்.

க்ளோசர் டிஸ்கவரி என்ற இலவசத் தேடுதளம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் பல தொடராய்வுகளில் எந்தக் கேள்வி எந்த ஆண்டில் என்ன சொற்களில் கேட்கப்பட்டது என்று அதில் தேடலாம். உங்கள் ஆய்வுக்கு வேண்டிய ஐந்தாறு விஷயங்களை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். மேலே 9 மாதம், 3, 5, 7, 11, 14, 17 என்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த விஷயம் கேட்கப்பட்டதா, யாரிடம் கேட்கப்பட்டது (தாயா, தந்தையா, ஆசிரியரா, பிள்ளையே சொன்னதா) என்று நிரப்புங்கள். பாதிக் கட்டம் காலியாக இருந்தால் கேள்வியை இப்போதே மாற்றுங்கள். இப்போது மாற்றினால் ஒரு தாள்தான் வீண்.

அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் இந்த ஆய்வின் அகலம் புரியும். 3 வயதில் குழந்தைகளின் வாய்நீர் எடுத்திருக்கிறார்கள். 7 வயதில் விழுந்த பால்பற்களை அஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். 14 வயதில் பிள்ளைகள் தங்கள் நாளை எப்படிக் கழித்தார்கள் என்ற நேரக் குறிப்பை எழுதியிருக்கிறார்கள்; உடல் அசைவைப் பதியும் கருவியைக் கையில் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை நம்மவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மட்டும் பிரித்தெடுத்து ஆராயலாம் என்ற ஆசை பலருக்கு வரும். இனப் பகுப்பில் தமிழர் என்ற தனிப் பிரிவு கிடையாது. இந்தியத் தமிழர் ‘இந்தியர்’ என்பதற்குள்ளும், ஈழத் தமிழர் பெரும்பாலும் ‘பிற ஆசியர்’ என்பதற்குள்ளும் கலந்துவிடுவார்கள். இந்த ஆசையோடு இருப்பவர் கேள்வியை மாற்றிக்கொண்டு மேலே படிக்கவும்.

3. விண்ணப்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டியல் சிறியது. ஆனால் ஒவ்வொன்றும் வந்துசேர நம் ஊரில் நாள் பிடிக்கும்.

நிறுவன மின்னஞ்சல். பல்கலைக்கழகமோ கல்லூரியோ கொடுத்த முகவரியில் இருந்து விண்ணப்பிப்பதே நல்லது. ஜிமெயில் முகவரியில் இருந்து வரும் விண்ணப்பத்துக்குக் கூடுதல் கேள்விகள் வரலாம். நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவருக்குத் தனி முகவரி தருவதில்லை. கணினித் துறையிலோ நூலகத்திலோ எழுதிக் கேளுங்கள்; வாய்மொழியாகக் கேட்டால் நகராது. அதுவும் கிடைக்கவில்லை என்றால், நெறியாளர் தன் முகவரியில் கணக்குத் தொடங்கி, திட்டத்தைத் தன் பெயரில் பதிந்து, உங்களைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

ஆய்வுச் சுருக்கம். எளிய ஆங்கிலத்தில் ஒரு பத்தி போதும்: என்ன கேள்வி, எந்தத் தரவு, எதற்காக (ஆய்வேடு, கட்டுரை), யார் பயன்படுத்துவார்கள். ‘ஆராய்ச்சிக்காக’ என்று ஒற்றை வரியில் முடித்தால் திருப்பி அனுப்பப்படும்.

நெறிமுறைக் குழுவின் கடிதம். யூகே டேட்டா சர்வீஸ் பொதுவான தரவுக்கு இதைக் கேட்பதில்லை. ஆனால் பிறகு ஆய்விதழும் உங்கள் பல்கலைக்கழகமும் கேட்கும். அடையாளம் நீக்கிய, ஏற்கெனவே திரட்டப்பட்ட தரவை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி முழுப் பரிசீலனையிலிருந்து விலக்கு பெற இடமுண்டு. அந்த விலக்கை நீங்களே முடிவு செய்துகொள்ள முடியாது. குழுதான் தர வேண்டும். பல கல்லூரிகளில் குழு சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடுகிறது. ஆகவே இந்த விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் கொடுங்கள். அதோடு தரவின் உரிம விதிகளையும் ‘இதில் நான் யாரையும் சந்திக்கவில்லை, யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது’ என்ற ஒரு பக்க விளக்கத்தையும் இணைத்தால் குழுவில் கேள்வி குறையும். எங்கள் பக்கத்தில் ஒரு குழு, பிரிட்டிஷ் தாய்மார்கள் ஒவ்வொருவரின் ஒப்புதல் படிவத்தையும் கொண்டுவரச் சொல்லி ஒரு மாணவியின் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. அந்த ஒப்புதலைத் தரவு திரட்டியவர்கள் அப்போதே வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய பயனர் கையேட்டில் நெறிமுறை ஒப்புதல் பற்றிய பகுதியை அச்செடுத்து இணைப்பதுதான் இதற்கு வழி.

4. கணக்குத் தொடங்குதலும் திட்டம் பதிதலும்

யூகே டேட்டா சர்வீஸ் உள்நுழைவுப் பக்கத்தில் முதலில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடச் சொல்லும். பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கான பட்டியல் அது. நம் கல்லூரியின் பெயர் அதில் இருக்காது. அங்கேயே பலர் ‘நமக்கு அனுமதி இல்லை போலிருக்கிறது’ என்று திரும்பிவிடுகிறார்கள். பட்டியலில் இல்லாதவர்கள் தனியாகப் பயனர் பெயர் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பினால் ஊழியர்கள் சரிபார்த்து அனுப்புவார்கள். சில வேலை நாட்கள் ஆகும். பிரிட்டிஷ் விடுமுறைகளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் அனுப்பிவிட்டுப் பொங்கலுக்குள் வேலையைத் தொடங்கலாம் என்று இருக்க வேண்டாம்.

பெயர் வந்த பிறகு, உள்ளே போய்த் திட்டம் ஒன்றைப் பதிய வேண்டும். மேலே சொன்ன ஆய்வுச் சுருக்கம் இங்கேதான் பயன்படும். வணிக நோக்கம் இல்லை என்பதைக் குறிப்பிடுங்கள். தனியார் நிறுவனத்துக்காகச் செய்தால் அதை மறைக்காதீர்கள், விதிகள் வேறு. பிறகு வேண்டிய தரவுத்தொகுப்புகளைத் திட்டத்தில் சேர்த்து, உரிம விதிகளை ஏற்றுக்கொண்டால் இறக்கும் பொத்தான் திறக்கும்.

உரிம விதிகளை ஒரு தடவையாவது முழுதாகப் படியுங்கள். சாரம் இதுதான்: யாரையும் அடையாளம் காண முயலக் கூடாது. கோப்பை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு மேற்கோள் காட்ட வேண்டும். ‘வேறு யாருக்கும்’ என்பதில் உங்கள் அறைத் தோழரும் அடக்கம், புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கடைக்காரரும் அடக்கம். நம் ஊரில் ஆய்வேட்டுக் கணக்கை வெளியே கொடுத்துச் செய்வது சகஜமாகிவிட்டது. இந்தத் தரவில் அதைச் செய்தால் விதிமீறல். உதவி வேண்டியவர் தாமும் கணக்குத் தொடங்கி, உங்கள் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். நெறியாளர் கோப்பைத் திறந்து பார்க்கப் போகிறார் என்றால் அவரும் அப்படித்தான். செயற்கை நுண்ணறிவு உரையாடல் தளங்களில் தரவின் வரிகளை ஒட்டி விளக்கம் கேட்பதும் மூன்றாமவருக்குக் கொடுத்ததாகவே ஆகும். நிரல் எழுத உதவி கேளுங்கள், தவறில்லை, தரவை ஒட்டாதீர்கள்.

இதற்கு மேலே இரண்டு படிகள் உண்டு. சிறிய நிலப்பகுதி விவரங்கள் போன்றவற்றுக்குத் தனி உரிமமும், மிக நுணுக்கமானவற்றுக்குப் பாதுகாப்பான கணினி வழி அணுகலும் தேவை. இரண்டாவது, பிரிட்டனுக்குள் இருந்து, பயிற்சி முடித்து அங்கீகாரம் பெற்றவருக்குத்தான். இங்கிருந்து முயல்பவர் பொது உரிமத்தில் கிடைப்பதை வைத்தே கேள்வியை அமைத்துக்கொள்ள வேண்டும். அதுவே ஒரு முனைவர் ஆய்வுக்குத் தாராளமாகப் போதும்.

5. எதையெல்லாம் இறக்க வேண்டும்

ஒவ்வொரு வயதுச் சுற்றுக்கும் தனித் தொகுப்பு எண் இருக்கிறது. 9 மாதம் 4683, 3 வயது 5350, 5 வயது 5795, 7 வயது 6411, 11 வயது 7464, 14 வயது 8156, 17 வயது 8682. இவற்றோடு 8172 என்ற குடும்பத் தொடர்கோப்பையும் கட்டாயம் இறக்குங்கள். எந்தக் குடும்பம் எந்தச் சுற்றில் பங்கெடுத்தது, எதில் விட்டுப்போனது என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. பலர் இதை விட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பி வருகிறார்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டேட்டா, எளிய எழுத்துக் கோப்பு என மூன்று வடிவங்களில் கிடைக்கும். விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். ஆர் என்ற இலவச மென்பொருளே போதும். அதன் ஹேவன் என்ற தொகுப்பு ஸ்டேட்டா கோப்பை விளக்கச் சீட்டுகளோடு திறந்து கொடுக்கும். எழுத்துக் கோப்பில் அந்தச் சீட்டுகள் இருக்காது. எண்கள் மட்டும் தெரியும். அதனால் ஸ்டேட்டா வடிவத்தையே தேர்ந்தெடுங்கள்.

இறக்கிய அன்றே பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். தரவு திருத்தப்பட்டுப் புதிய பதிப்பு வரும். இரண்டு ஆண்டு கழித்து ஆய்விதழ் மதிப்பீட்டாளர் கேட்கும்போது எந்தப் பதிப்பில் கணக்குப் போட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

6. கோப்புகளை இணைத்தல்

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு சுற்றுக்கு ஒரே கோப்பு இருக்கும் என்று நினைத்துத் திறப்பீர்கள். உள்ளே பல கோப்புகள் இருக்கும். பதற்றப்பட வேண்டாம். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வரி என்பது யாரைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

குடும்பக் கோப்பில் ஒரு வரி ஒரு குடும்பம். குழந்தைக் கோப்பில் ஒரு வரி ஒரு குழந்தை. பெற்றோர் நேர்காணல் கோப்பில் ஒரு வரி ஒரு பெற்றோர். தாய் ஒரு வரி, தந்தை ஒரு வரி. பெற்றோர் குழந்தையைப் பற்றிச் சொன்னவை தனிக் கோப்பு; அதில் ஒரு வரி ஒரு பெற்றோர், ஒரு குழந்தை என்ற சோடி. வீட்டு ஆட்கள் பட்டியலில் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி.

குடும்பத்துக்கு ஓர் அடையாள எண், குடும்பத்துக்குள் குழந்தைக்கு ஓர் எண், பெரியவர்களுக்கு ஆள் எண் என மூன்று திறவுகோல்கள் இருக்கின்றன. குடும்ப எண்ணை மட்டும் வைத்துக் குழந்தைக் கோப்பையும் பெற்றோர் கோப்பையும் ஒட்டினால் என்ன ஆகும்? பெற்றோர் இருவரும் பேட்டி கொடுத்த வீடுகளில் ஒரே குழந்தை இரண்டு வரியாகிவிடும். மென்பொருள் பிழை என்று சொல்லாது, அமைதியாகச் செய்துவிடும். மாதிரி பெரிதாகிவிட்டதால் முடிவுகள் எல்லாம் துல்லியமானவையாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு இணைப்புக்கும் பிறகு வரிகளை எண்ணுங்கள். முதல் சுற்றில் குடும்பம் 18,552, குழந்தை 18,818. இந்த வேறுபாடு 246 இரட்டையர், 10 மூவர் பிறப்புகளால் வந்தது. முதல் சுற்றுக் கோப்புகளை இணைத்து முடித்த குழந்தைக் கோப்பில் 18,818-ஐ விட ஒரு வரி கூடினாலும் நிறுத்திவிட்டு எங்கே தவறியது என்று பாருங்கள்.

இரட்டையரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு ஒரு குழந்தை என்று எடுப்பதா என்பதை முன்பே முடிவு செய்து ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். இரண்டும் சரிதான், எழுதாமல் விடுவதுதான் தவறு.

முதன்மையாகப் பேட்டி கொடுத்தவர் என்றால் தாய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் தாய்தான். சில வீடுகளில் தந்தை, சில வீடுகளில் பாட்டி. ஒரு சுற்றில் தாயாக இருந்தவர் அடுத்த சுற்றில் மாறியிருக்கவும் கூடும். ‘தாயின் கல்வி’ என்று தலைப்பிடும் முன் வீட்டு ஆட்கள் பட்டியலில் அந்த ஆள் எண்ணுக்கு நேராகக் குழந்தைக்கு என்ன உறவு என்று போட்டிருக்கிறார்கள் என்பதைச் சரிபாருங்கள்.

மாறிகளின் பெயரில் முதல் எழுத்து சுற்றைச் சொல்லும்: ஏ என்றால் 9 மாதம், பி என்றால் 3 வயது, அப்படியே ஜி என்றால் 17 வயது. இது தெரிந்தால் கோப்புகள் சட்டென்று பிடிபடும்.

7. எண்களுக்குள் இருக்கும் கண்ணிகள்

பதில் இல்லாத இடங்கள் வெற்றிடமாக இருக்காது. பொருந்தாது என்பதற்கு -1, தெரியாது என்பதற்கு -8, சொல்ல மறுத்தார் என்பதற்கு -9 என்று போட்டிருப்பார்கள். இவற்றை நீக்காமல் பிறப்பு எடையின் சராசரியை எடுத்தால், தெரியாது என்ற தாயின் குழந்தை மைனஸ் எட்டு கிலோவாகக் கணக்கில் சேரும். சராசரி கொஞ்சம்தான் இறங்கும் என்பதால் கண்ணில் படாது. எந்த மாறியையும் முதலில் அட்டவணை போட்டுப் பாருங்கள், பிறகு சராசரி.

குழந்தைகளின் நடத்தை, மனநிலை பற்றிய எஸ்.டி.க்யூ. என்ற 25 கேள்விப் பட்டியல் இந்த ஆய்வில் மிக அதிகம் பயன்படுவது. ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்விகள். மொத்தச் சிரமப் புள்ளி 0 முதல் 40 வரை. அது நான்கு பிரிவுகளின் கூட்டல்தான். பிறருக்கு உதவும் குணத்தை அளக்கும் ஐந்தாவது பிரிவைச் சேர்க்கக் கூடாது. அது நல்ல குணம், அதிகப் புள்ளி என்றால் நல்லது. 50-க்குக் கணக்குப் போட்ட ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன். கணக்கிட்டு வைத்த மாறியே கோப்பில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிவுத்திறன் தேர்வுகள் வயதுக்கு வயது மாறியிருக்கின்றன. 3, 5 வயதுகளில் படம் பார்த்துப் பெயர் சொல்வது, 7-ல் சொல் வாசிப்பு, 11-ல் சொற்களுக்கு இடையேயான ஒற்றுமையைச் சொல்வது, 14-ல் சொற்பொருள். இந்தப் புள்ளிகளை ஒரே கோட்டில் போட்டு ‘மொழித்திறன் வளர்ந்தது, குறைந்தது’ என்று எழுத முடியாது. ஒரு வயதுக்குள் அந்தக் குழந்தை மற்றவர்களை ஒப்பிட எங்கே நின்றது என்று மட்டும் சொல்லலாம்.

8. விட்டுப்போனவர்களைக் கணக்கில் எடுங்கள்

இருபது ஆண்டு தொடரும் எந்த ஆய்விலும் ஆட்கள் குறைவார்கள். வீடு மாறுவார்கள், மணமுறிவு நடக்கும், சலித்துப் போகும். 3 வயதுச் சுற்றில் புதிதாக 692 குடும்பங்கள் சேர்க்கப்பட்டு மொத்தம் 19,244 ஆனது. 14 வயதில் 11,726 குடும்பங்களும், 17 வயதில் 10,625 குடும்பங்களும் பங்கெடுத்தன. பாதியைச் சற்றுத் தாண்டியவர்களே மிஞ்சியிருக்கிறார்கள்.

போனவர்கள் ஒரே மாதிரிப் போகவில்லை என்பதுதான் விஷயம். ஏழைக் குடும்பங்களும், இளவயதில் தாயானவர்களும், அடிக்கடி வீடு மாறியவர்களும் அதிகம் விட்டுப்போயிருக்கிறார்கள். 17 வயதில் மிஞ்சியவர்களை மட்டும் பார்த்து வறுமையின் பாதிப்பை அளந்தால், அதிகம் பாதிக்கப்பட்டவர்களை வெளியே விட்டுவிட்டு அளக்கிறோம். நம் கேள்வி யாரைப் பற்றியதோ அவர்களே கணக்கில் இல்லாமல் போகிறார்கள். எனக்கு இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். இதைத் தாண்டிப் போகும் ஆய்வேட்டை, எவ்வளவு அழகான வரைபடம் இருந்தாலும், என்னால் நம்ப முடிவதில்லை.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, மாதிரி எடுத்த முறையை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். குழந்தைகள் நலத்தொகைப் பதிவேட்டிலிருந்து, வார்டு வார்டாக எடுக்கப்பட்ட மாதிரி இது. ஏழை வார்டுகளும், 1991 மக்கள்தொகைக் கணக்கில் கறுப்பின, ஆசிய மக்கள் 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த இங்கிலாந்து வார்டுகளும் வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. இங்கிலாந்தில் 3, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் தலா 2 என 9 அடுக்குகள். அடுக்கு, வார்டு இரண்டுக்கும் தனி மாறிகள் கோப்பில் உள்ளன. ஆர் மென்பொருளில் சர்வே என்ற தொகுப்பில் இவற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, மாதிரி எடை, அதாவது ஒவ்வொரு குடும்பமும் கணக்கில் எவ்வளவு பங்கு பெற வேண்டும் என்று சொல்லும் எண். ஒரு நாட்டை மட்டும் தனியாக ஆராய்ந்தால் ஓர் எடை, பிரிட்டன் முழுவதற்கும் என்றால் இன்னோர் எடை என இரண்டு வகை கொடுத்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் சிறிய வட அயர்லாந்து தன் அளவுக்கு மீறி முடிவில் தலைகாட்டும். விட்டுப்போனவர்களுக்கு ஈடுகட்டும் எடை ஒவ்வொரு சுற்றுக்கும் தனி. நீங்கள் பயன்படுத்தும் கடைசிச் சுற்றின் எடையை எடுங்கள்.

மூன்றாவது, ஓர் அட்டவணை. முதல் சுற்றில் இருந்த எல்லாரையும், உங்கள் இறுதிக் கணக்கில் மிஞ்சியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாயின் வயது, கல்வி, வருமானம் எப்படி மாறியிருக்கிறது என்று காட்டுங்கள். ஒரு பக்கம்தான். வாய்மொழித் தேர்வில் வரும் கேள்விகளில் பாதிக்கு அது பதில் சொல்லிவிடும்.

ஒரு சுற்றில் வராத குடும்பம் அடுத்த சுற்றில் திரும்பி வந்திருக்கும். ஆகவே எல்லாச் சுற்றிலும் இருந்தவர்களை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் வீணாக ஆயிரக்கணக்கானவர்களை இழப்பீர்கள். விடுபட்ட மதிப்புகளை ஈடுசெய்யும் முறைகளை நெறியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

9. செலவும் காலமும்

தரவுக்கும் ஆவணங்களுக்கும் மென்பொருளுக்கும் பணம் இல்லை. நெறிமுறைக் குழுவுக்குக் கட்டணம் இருந்தால் அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி தாங்கும். உண்மையான செலவு கடைசியில் வரும்: சில ஆய்விதழ்கள் கட்டுரையைத் திறந்த அணுகலில் வெளியிடப் பெருந்தொகை கேட்கும். சந்தா முறையில் வெளியிடும் நல்ல இதழ்களில் ஆசிரியரிடம் பணம் வாங்காதவை இருக்கின்றன. அனுப்பும் முன் பாருங்கள்.

வினாத்தாள்களைப் படித்துக் கட்டம் நிரப்ப மூன்று வாரம் ஒதுக்குங்கள். அதே நேரத்தில் நெறிமுறைக் குழு விண்ணப்பமும் கணக்கு விண்ணப்பமும் போய்க்கொண்டிருக்கட்டும். கோப்புகளை இணைத்துச் சுத்தம் செய்ய, ஆர் புதிது என்றால் இரண்டு மூன்று மாதம் ஆகும். இதைக் குறைத்துச் சொல்லி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. ஓராண்டு முதுகலை ஆய்வேடு என்றால் இரண்டு சுற்றுகளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

10. எழுதும்போதும் எழுதிய பின்னும்

அட்டவணையில் ஒரு கட்டத்தில் மிகச் சிலரே இருந்தால் அதைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். மூன்று பேர் மட்டும் உள்ள கட்டத்தை அச்சிட்டால், தெரிந்தவர் ஒருவர் அவர்களில் ஒருவரை அடையாளம் கண்டுவிடக் கூடும். அந்தக் குடும்பங்கள் இருபது ஆண்டுகளாகக் கதவைத் திறந்து விட்டவர்கள். இது அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

ஒவ்வொரு தொகுப்பின் பக்கத்திலும் மேற்கோள் காட்ட வேண்டிய வாசகம் தயாராக இருக்கும். சுற்று, பதிப்பு எண், நிலையான இணைய அடையாள எண் மூன்றும் சேர்ந்தது அது. அப்படியே எடுத்துப் போடுங்கள். ‘பிரிட்டிஷ் தரவு’ என்று பொதுவாக எழுதுவது போதாது. கட்டுரை வெளியானதும் யூகே டேட்டா சர்வீஸுக்கும் ஆய்வு மையத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பித் தெரிவியுங்கள்.

நிரலைத் தனியாகவும் தரவைத் தனியாகவும் வையுங்கள். நிரலை யாருக்கும் கொடுக்கலாம், தரவைக் கூடாது. கல்லூரிப் பொதுக் கணினியில் கோப்பை விட்டுவிட்டு வராதீர்கள். பென் டிரைவில் வைத்தால் கடவுச்சொல் போட்டு வையுங்கள். வேலை முடிந்து, ஆய்வேடு ஏற்கப்பட்டு, கட்டுரையும் வந்த பிறகு திட்டத்தை முடித்துக்கொண்டு, கோப்புகளை எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிடுங்கள். பின்னால் தேவைப்பட்டால் அதே பெயரில் உள்ளே போய் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.